ஸ்காட்லாந்துக் கரையோர வரைபடத்தில் கேலிக் பெயர்கள்: எங்கிருந்து தொடங்குவது?

ஈஷூன்வாசி:
ஜூன் விடுமுறையில் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் நடக்கப் போகிறோம். வரைபடத்தில் பாறைக்குப் பாறை கேலிக் (ஸ்காட்லாந்தின் பழைய மொழி) பெயர். 'மோர்' என்ற சொல் சில இடங்களில் நடுவே எச் என்ற ஆங்கில எழுத்து சேர்ந்து வருகிறது. எதை முதலில் கற்றால் உதவும்?

கேலிக்_மாணவி:
முதல் சொல்லைப் பிடியுங்க, இடத்தின் வகை அதில்தான் இருக்கு. 'ரூஅ' (ஆர்-யூ-பி-எச்-ஏ) என்றால் கடலுக்குள் நீளும் முனை. 'கமஸ்' வளைந்த குடா. 'ஸ்கெர்' கடலில் தனித்து நிற்கும் பாறை. 'போஹ' நீருக்கடியில் கிடந்து அலையை உடைப்பது. நடப்பவர்களுக்கு முக்கியமானது 'கியோஅ': கடல் உள்ளே புகுந்த, செங்குத்தான பாறைப் பிளவு. அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் கரை விளிம்பிலேயே போக முடியாது. உள்பக்கமாகச் சுற்ற நேரம் ஒதுக்குங்க.

அடைமொழி பின்னால் வரும், மலாய் மாதிரியே. சிங்கப்பூரின் பெட்ரா பிராங்கா தீவுக்கு மலாயில் பத்து பூத்தே என்று பெயர்; அது எப்படியோ, அப்படியே 'ஸ்கெர் வான்': இரண்டுமே வெள்ளைப் பாறை.

அந்த எச் விஷயம்: 'ஸ்கெர்' பெண்பால், அதனால் பின்வரும் அடைமொழியின் முதல் மெய் மெலியும். எழுத்தில் அதைக் காட்டத்தான் எச் சேர்ப்பாங்க; 'மோர்' (பெரிய) என்பது 'வோர்' ஆகும். 'ரூஅ' ஆண்பால் என்பதால் அங்கே 'மோர்' மாறாது. டைரீ தீவுக்குத் தென்மேற்கே ஆலன் ஸ்டீவன்சன் கட்டி 1844இல் ஒளியேற்றிய கலங்கரை விளக்கத்தின் பெயர் ஸ்கெரிவோர். பெரும்பாறை, அவ்வளவுதான்.

நடுவில் 'நன்', 'நம்' வந்தால் 'களின்' என்று படியுங்க. 'எலன் நன் ரோன்', சீல்களின் தீவு.

கடல்வரைபடம்:
அகராதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தக் கரையில் நார்வேக்காரர்கள் குடியேறியிருந்தார்கள். ஸ்கெர், கியோஅ, போஹ மூன்றுமே அவர்கள் மொழியிலிருந்து கேலிக்குக்கு வந்தவை. வடமேற்கு மூலையிலுள்ள கேப் ராத் முனையின் பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் 'சீற்ற முனை' என்று தோன்றும். உண்மையில் அது 'திரும்புமிடம்' என்று பொருள்படும், அந்த நார்வேக்காரர்களின் பழைய நார்ஸ் மொழிச் சொல். கப்பல்கள் அங்கேதான் திசை திரும்பும். கேலிக்கில் 'அம் பாரவ்'. சந்தேகமான பெயருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் இடப்பெயர் அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் தரவுத்தளத்தைப் பாருங்கள். வெறும் எழுத்துக்கூட்டலை வைத்து ஊகிப்பது பெரும்பாலும் தவறும்.

நிறப் பெயர்களிலும் கவனம் வேண்டும். பத்து பூத்தேயை வெள்ளையாக்கியது பறவை எச்சம், கல்லின் நிறமல்ல.

ஈஷூன்வாசி:
நன்றி. ஸ்கெர் எல்லாம் எப்போதும் வெளியே தெரியுமா?

கடல்வரைபடம்:
தெரியாது. பத்து பூத்தே பக்கத்து சவுத் லெட்ஜ் என்ற பாறை நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டுவது போல, சில ஸ்கெர்கள் நீர் ஏற்றத்தில் மூழ்கிவிடும். அந்தக் கரையிலுள்ள அல்லாபூல் ஊர்ப் பக்கம் பெருவற்றுக்கும் பெரு ஏற்றத்துக்கும் இடையே சுமார் 4.5 மீட்டர் வித்தியாசம். பாறைகளைப் பெயரோடு ஒப்பிட்டு அடையாளம் காண, வற்று நேரத்துக்கு ஒரு மணி முன்பே கரைக்குப் போய்விடுங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் மேலே வந்துவிட வேண்டும்.