பழைய யாகூ முகப்பு: எந்த ஆண்டுப் பக்கங்களைக் காட்டலாம்?

கிளிநொச்சி ரீச்சர்:
தரம் 10 பிள்ளைகளுக்கு ஐசிடி பாடத்தில் இணையத்தின் வரலாறு போய்க்கொண்டிருக்கிறது. யாகூ என்றால் என்ன ரீச்சர் என்று கேட்கிறார்கள். இணையத்தை அவர்கள் கண்டதே போனில்தான், இணையத்துக்கு ஒரு வாசல் மாதிரி முகப்புப் பக்கம் இருந்தது என்றால் விளங்குதில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்தில் பழைய பக்கங்கள் ஏராளம் கிடக்கு, பாடசாலை இணைப்பில் எல்லாவற்றையும் திறந்து பார்க்க முடியாது. எந்த ஆண்டுகளைக் காட்டினால் மாற்றம் பிடிபடும்?

வவுனியா நெற் கபே:
1996 கடைசியைக் கட்டாயம் காட்டுங்கோ. மேலே ஒரு தேடல் பெட்டி, அதற்குக் கீழே கலை, வணிகம், கல்வி, அரசு, சுகாதாரம் என்று 14 தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் சின்ன நீல இணைப்புகள், அவ்வளவுதான். ஸ்டான்போர்டில் படித்த ஜெரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994இல் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட்டதுதான் தொடக்கம். பிறகும் ஆட்கள் இருந்து தளங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தலைப்புக்குள் போட்டார்கள்.

அப்புறம் 2000. மெயில், மெசஞ்சர், ஏலம், காலநிலை, பங்குச் சந்தை எல்லாம் அதே பக்கத்தில் ஏறிவிட்டது. போரால் மூடிக்கிடந்த ஏ9 நெடுஞ்சாலை 2002இல் திறந்தபிறகு வன்னியிலிருந்து எங்கட கடைகளுக்கு வந்த சனம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் மெயில் பார்க்கத்தான் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக மெல்ல ஓடிய டயல்-அப் இணைப்பில் எழுத்து முதலில் வரும், விளம்பரப் படம் கடைசியில் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கும், அது முடியமுதல் 'மெயில்' என்ற இணைப்பை அமத்திவிடுவார்கள். மிச்சப் பக்கத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை.

முல்லை டிசைனர்:
யாகூவை மட்டும் காட்டினால் காரணம் விளங்காது ரீச்சர், பக்கத்தில் கூகுளையும் வையுங்கோ. 2000 தொடக்கம் 2004 வரை யாகூவில் தேடினால் முடிவுகளைக் கொடுத்ததே கூகுள்தான், ஆனால் கூகுளின் சொந்த முகப்பில் ஒரு பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை. யாகூவுக்குக் காசு தன் பக்கங்களில் காட்டிய விளம்பரப் படங்களில் வந்தது, ஆகவே வந்த ஆள் உள்ளேயே நிற்க வேண்டும். கூகுள் தேடல் முடிவுகளோடேயே விளம்பரம் விற்றது, அதனால் ஆளை உடனே வெளியே அனுப்பினாலும் நட்டமில்லை. பக்கத்தின் வடிவம் வருமானத்தால் மாறியது என்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டும், இது எனக்கு முக்கியம்.

கடைசியாக 2013 பெப்ரவரிக்குப் பிறகு ஒரு பக்கம். உருட்ட உருட்ட முடியாமல் செய்தி வந்துகொண்டே இருக்கும், போனில் பிள்ளைகள் தினமும் பார்க்கிற அதே அமைப்பு. 14 தலைப்பு இருந்த அந்தக் கோப்பகத்தை 2014 முடிவோடு மூடிவிட்டார்கள்.

மாங்குளம்:
காட்டுவதோடு நிறுத்தாமல் ஒரு வேலை கொடுங்கோ. 1996 பக்கத்தில், தேடல் பெட்டியைத் தொடாமல், இலங்கைக்கு வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. பிராந்தியம், நாடுகள், பிறகு இலங்கை. சரி, சில இணைப்பு சேமிப்பில் இருக்காது, அதனால் முதல்நாளே ஒருக்கா போய்ப் பார்த்து, வேலை செய்கிற பக்கங்களைக் கணினியில் சேமித்து வைத்தால் வகுப்பில் இணைப்பு அறுந்தாலும் பாடம் நிற்காது. அந்தக் காலத்துத் தமிழ்த் தளம் ஏதும் காட்டுவதென்றால், அதற்குரிய எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், பாமினி எழுத்துருவில் செய்த தளமென்றால் பாமினியையும் கணினியில் ஏற்றி வையுங்கோ.