எம்ஆர்என்ஏ மருந்தை வெயில் தாங்க வைப்பதா, ஐஸ் பெட்டி வாங்குவதா?

ஆய்வகவாசி:
கொரோனா சமயத்தில் ஃபைசரின் எம்ஆர்என்ஏ ஊசியை (எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்புச் சீட்டுதான் எம்ஆர்என்ஏ) மைனஸ் 80-க்கும் மைனஸ் 60-க்கும் இடையில் வைக்க வேண்டும் என்றதும், இது நம் ஊருக்குச் சரிப்படாது என்று கைவிரித்தோம். 2022 ஜூனில் புனேயின் ஜெனோவா நிறுவனம் எம்ஆர்என்ஏ தடுப்பூசியை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி, 2 முதல் 8 டிகிரி போதும் என்று அவசர அனுமதி வாங்கிவிட்டது. 2023-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆட்கள் எம்ஆர்என்ஏவை, தோலில் ஒட்டும் நுண்ணூசிப் பட்டையில் அச்சிட்டு, அறை வெப்பத்திலேயே ஆறு மாதம் வைத்துக் காட்டினார்கள். என் கட்சி இதுதான்: இனி அரசுப் பணம் ஃப்ரீசருக்குப் போக வேண்டாம். மருந்தையே சூடு தாங்க வைக்கும் ஆராய்ச்சிக்குப் போகட்டும்.

பார்மசி பாண்டி:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐஎல்ஆர் என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் தினமும் காலையும் மாலையும் திறந்து வெப்பநிலை எழுதுகிறவன் நான். பென்டா, பிசிஜி, போலியோ எல்லாம் அதற்குள்தான். ஒரு மருந்து மட்டும் வெளியே நின்றால் பெட்டியை விற்றுவிடலாமா?

அப்புறம், பொடி என்றால் ஏதோ மந்திரம் மாதிரி பேசுகிறீர்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி எப்போதிருந்தோ பொடிதான். அதைக் கரைக்கும் நீரையும் முந்தின நாளே ஐஎல்ஆரில் வைத்துக் குளிர வைக்கணும். கரைத்த பின் நாலு மணி நேரம்தான். முகாமுக்கு ரெண்டு குழந்தை வந்தாலும் குப்பியை உடைத்தாகணும், மீதி குப்பைக்கு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆய்வகவாசி:
பாண்டி அண்ணே, பெட்டியை விற்கச் சொல்லவில்லை. கிராமத்துக்குக் கொண்டுபோகும் கடைசி சில நாட்களுக்கு மட்டும் ஐஸ் வேண்டாம் என்கிறேன். ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி மென்ஆஃப்ரிவாக்கை 2012-ல் பெனின் நாட்டில் அப்படித்தான் கொண்டுபோனார்கள். 40 டிகிரி வரை நாலு நாள் வெளியே இருக்கலாம் என்று முறைப்படி அனுமதி வாங்கி, ஐஸ் இல்லாமல் கிராமங்களுக்கு.

முத்துச்செல்வி:
மென்ஆஃப்ரிவாக் ஆர்என்ஏ கிடையாதே சார். அது சர்க்கரையும் புரதமும் இணைத்த ஊசி. ஆர்என்ஏ ஏன் கெடுகிறது என்று பார்க்காமல் ரெண்டு பேரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள்.

ஆர்என்ஏ இழை சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அந்தச் சர்க்கரையில் ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். ஈரத்தில் அது பக்கத்து பாஸ்பேட்டைத் தாக்கி இழையை அறுத்துவிடும். டிஎன்ஏவில் அது இல்லை, அதனால் தாங்குகிறது. ஃபைசர் ஊசியின் இழை நாலாயிரம் எழுத்துக்கும் மேல். அதில் எங்கே அறுந்தாலும் புரதம் முழுதாக வராது.

இன்கிளிசிரான் என்ற கொலஸ்ட்ரால் ஊசியும் ஆர்என்ஏதான். அதற்கு ஃபிரிட்ஜே வேண்டாம், மருந்துக்கடை அலமாரி போதும். இழை குட்டி, இருபது சொச்சம் எழுத்து. அந்த ஹைட்ராக்சிலையும் எடுத்துவிட்டு ஃபுளோரினோ மெத்தாக்சியோ வைத்துவிட்டார்கள். எம்ஆர்என்ஏ முழுக்க அதையே செய்தால் அதை வாசித்துப் புரதம் செய்யும் செல்லின் இயந்திரமான ரைபோசோம் திணறும். எனவே உலர்த்துவதுதான் பெரிய வழி. அதிலும் உறையும்போது எம்ஆர்என்ஏவைப் பொதிந்திருக்கும் கொழுப்புத் துகள் நசுங்கிவிடாமல் இருக்க சுக்ரோஸ், டிரெஹலோஸ் போன்ற சர்க்கரை சேர்க்கணும். அந்தக் கொழுப்பும் சாது இல்லை. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து வரும் கழிவு ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வாசிக்க முடியாமல் ஆக்குகிறது என்று எம்ஆர்என்ஏ ஊசி செய்யும் மாடர்னா நிறுவன ஆய்வாளர்களே 2021-ல் எழுதினார்கள்.

கடைசிபெஞ்ச்:
ஆக, காசுக்காரர் போடும் கொலஸ்ட்ரால் ஊசி வெளியே நிற்கும், ஏழைப் பிள்ளையின் தடுப்பூசிக்கு ஏசி வேணும். நல்லா இருக்கு.

முத்துச்செல்வி:
வேதியியலுக்குப் பணக்காரன் ஏழை தெரியாது தம்பி. எந்த ஆராய்ச்சிக்குப் பணம் போடுவது என்று முடிவு செய்பவர்களுக்குத் தெரியும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பார்மசி பாண்டி:
மேடம் டிஎன்ஏ என்றதும் சைகோவ்-டி ஞாபகம் வருகிறது. அகமதாபாத் சைடஸின் டிஎன்ஏ கொரோனா ஊசி, 2021 ஆகஸ்டில் அனுமதி, 25 டிகிரியில் மூணு மாசம் தாங்கும் என்றார்கள். ஆனால் மூணு டோஸ், அதோடு ஊசியில்லாமல் பீய்ச்சும் தனிக் கருவி. சூடு தாங்கியதற்காக எந்த ஊரில் அதை வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள்?

ஃபைசரின் மைனஸ் 80-லும் பாதி எச்சரிக்கைதான். 2021 பிப்ரவரியில் சாதாரண ஃப்ரீசரில் ரெண்டு வாரம் என்று அமெரிக்காவில் தளர்த்தினார்கள், மே மாதம் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் என்றார்கள். மருந்து மாறவில்லை, சோதனைத் தரவு சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஆய்வகவாசி:
அந்த ஒரு மாதம் உருகிய நிமிஷத்திலிருந்து ஓடும் கடிகாரம் அண்ணே, திரும்ப உறைய வைக்கவும் முடியாது. பொடிக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் ஒன்று, 25 டிகிரி என்பது லண்டன்காரன் அறை. ராமநாதபுரத்து மே மாத அறையில் 40-க்குச் சோதித்துக் காட்டாதவரை நானும் துள்ளிக் குதிக்க மாட்டேன். ஜெனோவாவின் பொடியே இன்னும் 2–8-ல்தானே இருக்கிறது.

பார்மசி பாண்டி:
இப்போது பேச்சு சரி. 40 டிகிரியில் எத்தனை நாள், கரைத்த பின் எத்தனை மணி நேரம், ரெண்டையும் லேபிளில் அச்சடியுங்கள். சூடு பட்டால் நிறம் மாறும் விவிஎம் ஸ்டிக்கரையும் ஒட்டித் தாருங்கள். அதுவரை புது ஐஎல்ஆர் கேட்டு நான் மாவட்டத்துக்குப் போட்ட கடிதத்தை வாபஸ் வாங்குவதாக இல்லை.