‘வெல்-வெர்ஸ்ட்’: பின்னால் ‘இன்’ வருமா, ‘வித்’ வருமா?

கேள்வி: ஒருவர் இலக்கணத்தில் தேர்ந்தவர் என்பதை ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் வெல்-வெர்ஸ்ட் வித் கிராமர்’ என்று எழுதலாமா? தமிழில் ‘வெல்-வெர்ஸ்ட்’ (well-versed) என்பதற்குச் சரியான சொல் எது?

பதில் 1: ‘வித்’ பிழை, ‘இன் கிராமர்’ என்றே எழுதுங்கள். இந்தக் குழப்பம் பெரும்பாலும் ‘கான்வர்சன்ட்’ என்ற சொல்லால் வருகிறது. பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அதற்குத்தான் ‘வித்’. ‘நாலெட்ஜபிள்’ என்றால் ‘அபௌட்’.

பதில் 2: பொருளையும் கவனியுங்கள். நாலு தகவல் தெரிந்தவருக்கு இது பொருந்தாது. நீண்ட பயிற்சியால் வந்த தேர்ச்சியைச் சொல்வது. ‘நன்கு பயின்ற’ எனலாம். ‘துறைபோகிய’ என்ற பழஞ்சொல் இன்னும் அழகாகப் பொருந்தும், வழக்கில் குறைந்துவிட்டாலும். செய்யுளைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ என்று நினைத்து ‘கவிதை அறிந்தவர்’ என மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

பதில் 3: ‘எ வெல்-வெர்ஸ்ட் லாயர்’ போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இடையில் சிறுகோடு அவசியம்.