என் மாயத்தோற்ற மந்திரவாதியை ஒரு கோப்ளின்கூட நம்பவில்லை: உதவி தேவை

மண்டபத்துக் குள்ளன்

மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி, நடப்பதை இருபது முகப் பகடையால் முடிவு செய்யும் விளையாட்டு. ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு ஜூன் 14 வரை கடல் இல்லை, அதனால் ஆட்டம் நள்ளிரவைத் தொடுகிறது. கதையை நடத்தி எதிரிகளையும் ஆடும் நடத்துநர் என் சித்தப்பா மகன். அவன் கட்டிய உலகம் அப்படியே தனுஷ்கோடி. ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல், நடுவே மணல், கூரையில்லாத தேவாலயம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறான்.

என் பாத்திரம் ஃபாரஸ்ட் நோம் (காட்டுக் குள்ளர் இனம்), ஐந்தாம் நிலை விசார்ட் (மந்திரவாதி), இல்யூஷன் பள்ளி, அதாவது மாயத்தோற்றம். அறிவைக் காட்டும் இன்டெலிஜென்ஸ் 17, உடல் உறுதியைக் காட்டும் கான்ஸ்டிடியூஷன் 13. நான்காம் நிலையில் ஆக்டர் ஃபீட் என்ற சிறப்புத் திறமையை எடுத்தேன்.

மூன்று வாரம், மூன்று அவமானம். முதல் வாரம் சைலன்ட் இமேஜ் மந்திரத்தில் ஒரு பொய் டிராகனை நிறுத்தினேன். கோப்ளின் (குட்டிப் பூதம்) அம்பு விட்டது, அது டிராகனைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனது, கதை முடிந்தது. இரண்டாம் வாரம் மைனர் இல்யூஷனில் ஒரு சுவர். அத்தனை காவலர்களுக்கும் நடத்துநர் அந்த இடத்திலேயே இன்வெஸ்டிகேஷன் (உண்மையா பொய்யா என்று ஆராயும்) பகடை உருட்டினான். நால்வரில் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் ஓர் எலும்புக்கூட்டின் மீது பேன்டாஸ்மல் ஃபோர்ஸ் (ஒருவரின் மனத்துக்குள் பொய்த் தோற்றம் வைக்கும் மந்திரம்) போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஃபைட்டர் (வாள்வீரனாக ஆடுபவன்) இப்போது என்னை "சினிமாக்காரர்" என்று கூப்பிடுகிறான். பேசாமல் ஃபயர்பால் (நெருப்புக்கோளம்) எறியும் ஆளாக மாறிவிடலாமா?

தொண்டி ராத்திரி

தம்பி, மாற வேண்டாம். மூன்று தோல்விக்கும் மூன்று வெவ்வேறு காரணம். ஒன்று மட்டும்தான் முழுக்க உங்கள் தவறு.

இரண்டாம் வாரத்துச் சுவரில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மைனர் இல்யூஷனைச் சோதிக்க விரும்புகிறவர் தன் ஆக்‌ஷனைச் செலவழிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அதாவது அந்தச் சுற்றில் அவர் வாள் வீச முடியாது. ஒரு கேன்ட்ரிப்புக்கு (எத்தனை முறையும் போடக்கூடிய சின்ன மந்திரம்) ஈடாக எதிரியின் ஒரு முறையைப் பறிக்கிறீர்கள், அதுவே லாபம். பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் இலவசப் பகடை கொடுத்தால் உங்கள் பள்ளிக்கே அர்த்தமில்லாமல் போகும். ஆட்டத்தின் நடுவில் சண்டை போடாமல், ஞாயிறு வருவதற்குள் தேநீர்க் கடையில் வைத்து உங்கள் சித்தப்பா மகனிடம் இதைப் பேசிவிடுங்கள். கையை நீட்டித் தொட்டாலோ பொருள் ஊடுருவிப் போனாலோ குட்டு வெளிப்படும், அதில் மறுபேச்சு இல்லை.

டிராகன் உங்கள் தவறு. சைலன்ட் இமேஜ் என்ற பெயரிலேயே இருக்கிறது: சத்தம் கிடையாது, வாசனை கிடையாது. உறுமாத, மணலில் காலடிச் சத்தம் இல்லாத டிராகன்! போதாக்குறைக்கு டிராகனைப் பார்த்தவன் முதலில் செய்வது அம்பு விடுவதுதானே? எதிரி அடிக்கத் துடிக்கும் உருவத்தை நிறுத்தாதீர்கள். அவன் கண்டுகொள்ளாமல் கடந்து போகும் உருவத்தை நிறுத்துங்கள். ஐஸ் பெட்டி, கவிழ்த்துப் போட்ட வல்லம், வலைக் குவியல். மைனர் இல்யூஷனுக்கு ஐந்தடிக் கனசதுரம் கிடைக்கிறது. குட்டையான நோம் அதற்குள் குந்தி உட்கார்ந்துகொள்ளலாம். அதற்கு வாய் திறந்து மந்திரம் சொல்லவும் வேண்டாம். கையசைவும் ஒரு துணுக்குக் கம்பளி மயிரும் போதும்.

இன்னொன்று. ஃபாரஸ்ட் நோமுக்கு மைனர் இல்யூஷன் பிறவியிலேயே வருகிறது. பள்ளியில் சேரும்போது அது ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதற்குப் பதிலாக வேறொரு விசார்ட் கேன்ட்ரிப் எடுத்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை எடுத்தீர்களா?

மண்டபத்துக் குள்ளன்

எடுக்கவில்லை! மூன்று நிலைகளாக ஒரு கேன்ட்ரிப் குறைவாகவே ஆடியிருக்கிறேன். பாத்திரத் தாளை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

கீழக்கரை கணக்கர்

கணக்கு நான் போடுகிறேன். ஆக்டர் ஃபீட் வேடம் போடுகிறவனுக்கு நல்லது, ஆனால் நான்காம் நிலையில் அது ஆடம்பரம். உங்களிடம் 17, 13 என்று இரண்டு ஒற்றைப்படை எண்கள் காத்துக்கிடக்கின்றன. ஃபீட்டுக்குப் பதில் ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டினால் 18, 14. உங்கள் மந்திரத்திலிருந்து தப்ப எதிரி பகடையில் எட்ட வேண்டிய சேவ் இலக்கு 14-லிருந்து 15 ஆகும். உயிர்ப்புள்ளி நிலைக்கு ஒன்றாக ஐந்து கூடும். தயார் செய்யும் மந்திரங்கள் எட்டிலிருந்து ஒன்பதாகும். அடி விழுந்தபின் கான்சன்ட்ரேஷனை, அதாவது மந்திரத்தை நீடிக்கவைக்கும் மனஒருமையை, காப்பாற்ற இலக்கு 10 என்றால் இப்போது உங்கள் வாய்ப்பு 60 விழுக்காடு, அப்போது 65. சின்ன எண்தான், ஆனால் சைலன்ட் இமேஜ், பேன்டாஸ்மல் ஃபோர்ஸ், மேஜர் இமேஜ் எல்லாம் அந்த ஒரு நூலில்தான் தொங்குகின்றன. ஃபீட்டை மாற்றிக்கொள்ள உங்கள் நடத்துநர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் எட்டாம் நிலையில்.

உங்களைப் போலவே போலி உருவங்களை நிறுத்தும் மிரர் இமேஜுக்குக் கான்சன்ட்ரேஷன் தேவையில்லை, அதனால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டே அதையும் போடலாம். தற்காப்பு மந்திரங்களான மேஜ் ஆர்மர், ஷீல்ட் இரண்டும் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஃபயர்பாலையும் ஒரு மூலையில் வைத்திருங்கள். மாயத்தோற்றக்காரன் என்றால் மாயத்தோற்றம் மட்டும்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தினமும் மீன்குழம்பு வைக்கிற வீட்டிலும் ஒரு நாள் சாம்பார் உண்டு.

தேவிபட்டினம் அக்கா

நான் நடத்துநர் இருக்கையிலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு மாயத்தோற்றம் என்றால் ஒரு பயம் உண்டு: ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிய சண்டையை ஒரு கேன்ட்ரிப் காலி செய்துவிடுமோ என்று. அந்தப் பயத்தில்தான் உங்கள் சித்தப்பா மகன் இலவசப் பகடை உருட்டியிருப்பார். "ஒரு சுவர் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இவர்கள் இடதுபக்கமாகத் திரும்ப வேண்டும், அதற்காக இந்த வழி இடிந்து அடைந்தது போல் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். நோக்கம் தெரிந்துவிட்டால் எங்களுக்கும் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

மூன்றாம் வாரம் பற்றி யாரும் பேசவில்லை. பேன்டாஸ்மல் ஃபோர்ஸ் இறந்தும் நடமாடுபவற்றின் மீதும் கன்ஸ்ட்ரக்ட் என்ற செய்பொம்மைகள் மீதும் வேலை செய்யாது. மந்திரத்தின் விவரத்திலேயே எழுதியிருக்கிறது. எலும்புக்கூட்டுக்குள் ஏமாறுவதற்கு என்ன இருக்கிறது? அதை மந்தபுத்தி அரக்கனான ஓகர் மீது போட்டுப் பாருங்கள். ஓகரின் இன்டெலிஜென்ஸ் 5, அதாவது பகடையில் கழித்தல் மூன்று. உங்கள் இலக்கு 14 என்றால் அது 17 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். ஐந்தில் ஒரு வாய்ப்பு. தோற்றால், தலைமீது கவிழ்ந்த இரும்புக்கூண்டு உண்மை என்றே நம்பும், பொருந்தாத விஷயத்துக்கும் அதுவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த மந்திரம் இதுதான்.

யாரும் நம்பவே தேவையில்லாத மாயத்தோற்றமும் உங்கள் பள்ளியில் உண்டு. ஹிப்னாடிக் பேட்டர்ன், முப்பதடிக் கனசதுரம். பார்த்தவர் விஸ்டம் (மனஉறுதி) சேவில் தோற்றால் அப்படியே நின்றுவிடுவார். உங்கள் ஃபைட்டர் அவசரப்பட்டு யாரையாவது வெட்டினால் வெட்டுப்பட்டவர் விழித்துக்கொள்வார். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள், சினிமாக்காரரே.

தொண்டி ராத்திரி

அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். ஆறாம் நிலை வரட்டும், உங்கள் ஆட்டமே வேறு. மாலியபிள் இல்யூஷன்ஸ் என்ற திறன் வந்ததும், ஒரு நிமிடமோ அதற்கு மேலோ நிற்கும் தோற்றத்தை, அது கண்ணுக்குத் தெரியும்வரை, ஒரு ஆக்‌ஷனில் வேறொன்றாக மாற்றலாம். புதிய ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவில்லை. வலைக் குவியலாக இருந்தது சுவராகும், சுவர் புகையாகும். பதினான்காம் நிலையில் தோற்றத்திலுள்ள ஒரு பொருளை ஒரு நிமிடத்துக்கு நிஜமாக்கவே முடியும், யாருக்கும் நேரடியாகத் தீங்கு செய்யாதவரை. பள்ளம் முன்னால் வந்தால் பாலம் உங்கள் பையில். 2024 புத்தகத்துக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் யோசித்துச் சம்மதியுங்கள்: அதில் மைனர் இல்யூஷனை, அதே முறையில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் போடலாம், ஆனால் மாலியபிள் இல்யூஷன்ஸ் இல்லை.

மண்டபத்துக் குள்ளன்

அக்கா, அண்ணன், கீழக்கரைக் காக்கா, மூவருக்கும் நன்றி. ஞாயிறு ஆட்டம் முடிந்து எழுதுகிறேன்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. சனிக்கிழமை மாடியில் தாளை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பா என்ன என்று கேட்டார். டிராகன் கதையைச் சொன்னேன். அவர் பெட்டியிலிருந்து கணவாய்த் தூண்டிலை எடுத்துக் காட்டினார். இறால் போலவே செய்த பொய் இரை. "கணவாய் இறாலைத் தேடி வருகிறது, இறாலைக் காட்டினால் பிடிக்கும். நீ சுறாவைக் காட்டியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். அப்பாவுக்கு டி20 என்ற இருபது முகப் பகடை என்றால் என்னவென்று தெரியாது.

ஞாயிறன்று எங்களைத் துரத்திக்கொண்டு நான்கு காவலர்கள் அந்தத் தேவாலயத்துக்குள் வந்தார்கள். நாங்கள் ஒளிந்திருந்த மூலையில், சுவர் உடைந்த இடத்தில், இன்னும் கொஞ்சம் உடைந்த சுவரையே மைனர் இல்யூஷனில் வைத்தேன். கூடவே வெளியே மணலில் ஓடும் காலடிச் சத்தம். எங்கள் பள்ளிக்காரருக்கு உருவமும் ஒலியும் ஒரே முறையில் வரும் என்பதை இந்த வாரம்தான் உருப்படியாகப் பயன்படுத்தினேன். மூன்று பேர் சத்தத்தைத் தேடி ஓடிவிட்டார்கள். ஒருவன் மட்டும் நின்று, ஆக்‌ஷன் செலவழித்துச் சுவரைப் பார்த்தான். இலக்கு 14, பகடை 11. எங்கள் ஃபைட்டர் மூச்சையே விடவில்லை.

ஃபீட் மாற்றத்துக்கும் சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் கிளம்பும்போது சித்தப்பா மகன் சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் தேவாலயத்தின் நிலவறையில் வௌவால் கூட்டம் என்றான். வௌவாலுக்கு பிளைன்ட்சைட் (கண்ணில்லாமலே உணரும் திறன்) 60 அடி இருக்கிறதே, என்ன செய்வது?

கீழக்கரை கணக்கர்

அந்த ஒரு நாள் சாம்பார் வந்துவிட்டது. ஃபயர்பால்.