கொவிட் காலத்தில் தொண்டு அமைப்புகளுக்கு அரசு நிதி: நாம் எதைக் கேட்க வேண்டும்?

சாம்பல்தீவு வாசி (கேள்வி):
வணக்கம். திருகோணமலையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பகல்நேர நிலையம் ஒன்றை நடத்தும் சிறிய சங்கத்தின் பொருளாளராக இருக்கிறேன். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டதும் எங்களுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடைகள் நின்றன. ஆசிரியைகளின் சம்பளமும் கட்டட வாடகையும் நிற்கவில்லை. குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுப்பனவு கிடைத்தது. வர்த்தக நிறுவனங்களுக்கு மத்திய வங்கியின் ஏற்பாட்டில் 4 சதவீத வட்டிக்குக் கடன் அறிவிக்கப்பட்டது. குடும்பமாகவும் வர்த்தகமாகவும் இல்லாத எங்களுக்கு இரண்டிலும் இடமிருக்கவில்லை.

அரிசி, பருப்பு, சீனி மூட்டைகளைத் தருவதற்குப் பலர் முன்வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவற்றைப் பொதி செய்து மூதூருக்கு ஏற்றிச் செல்லும் லொறிக்கு டீசல் அடிக்கப் பணம் கேட்டபோது, அது நிர்வாகச் செலவு என்று அதே கொடையாளர்கள் கையை விரித்தார்கள். பிரித்தானியாவில் தொண்டு அமைப்புகளுக்கே அரசு பணம் கொடுத்ததாக அறிகிறேன். இன்னொரு அனர்த்தம் வருமுன் பிரதேச செயலகத்துக்கு மகஜர் ஒன்று கொடுக்க எண்ணியுள்ளோம். அதில் எதைக் கேட்பது பொருத்தமாக இருக்கும்?

உவர்மலை, தற்போது லண்டன்:
இங்கே தொண்டு அமைப்புகளின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். 2020 ஏப்ரல் 8ஆம் திகதி அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் 75 கோடி பவுண் அறிவித்தார். அதில் 36 கோடியை, அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்கள் போன்று நேரடிச் சேவை செய்யும் அமைப்புகளுக்கு அமைச்சுகளே வழங்கின. 37 கோடி சிறிய, நடுத்தர அமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் இங்கிலாந்துக்கான பங்கின் பெரும்பகுதி தேசிய லொத்தர் சமூக நிதியத்தின் ஊடாகப் பகிரப்பட்டது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் பழைய பொருள் விற்கும் தொண்டுக் கடைகள் மூடப்பட்டு, கோடிக்கணக்கில் நிதி சேர்த்துத் தரும் லண்டன் மரதன் ஓட்டமும் ஒத்திவைக்கப்பட்டிருந்த அந்த வேளையில், 12 வாரங்களில் மட்டும் சுமார் 400 கோடி பவுண் வருமானம் இல்லாமல் போகும் என்று தொண்டு அமைப்புகளின் தேசியப் பேரவை கணக்கிட்டிருந்தது.

சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண் வரை, அரசு ஏற்ற திட்டத்திலும் தொண்டு அமைப்புகள் சேர முடிந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர் தன் நிறுவனத்துக்காகச் சம்பளமின்றிக்கூட வேலை செய்யக் கூடாது என்பது ஆரம்பகால விதி. கடை ஊழியர்களுக்கு அது பொருந்தியது. உணவு வங்கியில் வழமையைவிட இருமடங்கு வேலை இருந்த இடத்தில், ஊழியரை வீட்டில் இருத்தினால்தான் சம்பளம் என்றால் யார் பொதி கட்டுவது? மகஜர் எழுதும்போது இந்த ஓட்டையைக் கவனியுங்கள்.

மனையாவெளி, தற்போது மெல்பேர்ன்:
அவுஸ்திரேலியாவின் ‘ஜொப்கீப்பர்’ என்ற சம்பள உதவித் திட்டத்தில் அந்தத் தடை இருக்கவில்லை. ஊழியர் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் தொடக்கத்தில் இரு வாரத்துக்கு 1,500 டொலர் கொடுக்கப்பட்டது. சாதாரண வர்த்தகம் 30 சதவீத வருமான இழப்பைக் காட்ட வேண்டியிருந்த இடத்தில், பதிவு செய்யப்பட்ட தொண்டு அமைப்புக்கு 15 சதவீதமே போதுமாக இருந்தது. நீங்கள் முன்மாதிரியாகக் காட்ட வேண்டியது இதைத்தான்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், உப்புவெளி:
பிரதேச செயலகத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் எந்த அமைப்பு எவ்வளவு பெறுகிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்பதைத் தொண்டு ஆணைக்குழுவின் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். நம் நாட்டில் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்தவை ஒருபுறம், கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தவை இன்னொரு புறம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வேறொரு கோவையில், கோயில் தர்மகர்த்தா சபைகளும் மரண உதவிச் சங்கங்களும் பெரும்பாலும் அவரவர் கொப்பிகளில். கொடுக்க மனமிருந்தாலும் யாருக்குக் கொடுப்பது என்று அரசு திணறும். போதாக்குறைக்கு இங்கே பணம் எதிர்த்திசையில் ஓடியது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியால் தொடங்கப்பட்ட கொவிட் நிதியத்துக்கு மக்களும் நிறுவனங்களும்தான் கொடுத்தார்கள். ஆகவே கணக்காய்வு செய்யப்பட்ட கடந்த ஆண்டுக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட உதவியைக் கேளுங்கள். உங்கள் கணக்கையும் மகஜருடன் இணையுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:
எனக்கு இதில் உடன்பாடில்லை. அரசிடம் சம்பளம் வாங்கும் சங்கம், நாளை காணி விடயத்திலோ மீனவர் விடயத்திலோ வாய் திறக்குமா? 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனங்கள் பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை வருமானமாகக் கருதி வரி விதிக்க இடமளிக்கிறது. முதலில் இப்படிப்பட்ட சுமையை அனர்த்த காலத்தில் இறக்கிவைக்கக் கேளுங்கள். மின்கட்டணத்துக்கும் தவணை கேளுங்கள். அதற்கு யாருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை.

சாம்பல்தீவு வாசி:
அனைவருக்கும் நன்றி. கிண்ணியா அன்பரின் அச்சம் நியாயமானது. ஆனால் எங்கள் சங்கம் வரி கட்டும் அளவுக்குப் பெறுவதில்லை, மின்கட்டணத் தவணையால் ஆசிரியையின் வீட்டில் அடுப்பெரியாது. வருமானம் குறைந்ததைக் கணக்கால் காட்டும் சங்கத்துக்கு, ஊழியர் வேலையைத் தொடரும் நிலையிலேயே, மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு என்று கேட்கவிருக்கிறோம். போக்குவரத்தும் எரிபொருளும் நிவாரணச் செலவாக ஏற்கப்பட வேண்டும் என்பதைத் தனிப் பந்தியாக எழுதுகிறோம். உப்புவெளி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: இதைப் ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகத்தில் கொடுப்பதா, நேரடியாகக் கச்சேரிக்கே (மாவட்டச் செயலகத்துக்கே) கொண்டுபோவதா?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், உப்புவெளி:
பிரதேச செயலகத்தில் கொடுத்துத் திகதி முத்திரையுடன் பிரதி வாங்குங்கள். கச்சேரிக்கு அந்தப் பிரதியை அனுப்பினால் போதும்.