உதவி தேவை: அச்சக மாதிரிப் படியில் எழுத்துகள் சிதைந்து வந்துள்ளன, 1000 படிகள், வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் தர வேண்டும்

வேளச்சேரி நீர்க்காப்பு | திங்கள், காலை 9.12
வணக்கம். வேளச்சேரியில் மொட்டை மாடி நீர்க்கசிவைத் தடுக்கும் பணியைப் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வீட்டு உரிமையாளர்களுக்காக நானே ஒரு நூல் எழுதி, நானே வெளியிடுகிறேன். நேற்று மாலை அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்தது. பல இடங்களில் எழுத்துகள் சிதைந்திருக்கின்றன. என் கணினியில் எல்லாம் சரியாகவே தெரிகிறது. அச்சகத்தாரோ, நான் கொடுத்த கோப்பில்தான் பிழை என்கிறார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் படிகள் கைக்கு வந்துவிட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

பக்க வடிவம் | 9.31
ஐயா, நீங்கள் கொடுத்தது வேர்டு கோப்பா, பிடிஎஃப் கோப்பா? அச்சகத்தார் எந்த மென்பொருளில் பக்கம் அமைத்தார்கள்? எழுத்துருவின் பெயர் என்ன? சிதைந்த பக்கம் ஒன்றைப் படமெடுத்துப் போட முடியுமா? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

பழைய பதிப்பாளர் | 9.40
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டு அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக் (யூனிகோடு) கோப்பு என்று நினைத்துக்கொள்வது, முதல் நூல் வெளியிடுகிற எல்லோரும் செய்கிற பிழை. நூல் வெளியிடுவது ஒரு தொழில். அதற்கும் பயிற்சி வேண்டும். உங்கள் மாடிப் பணியை ஒரு பதிப்பாளர் வந்து செய்தால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? ஒருங்குறி மாற்றியில் கோப்பை மாற்றிவிட்டு, நல்ல மெய்ப்புத் திருத்துநர் ஒருவரிடம் கொடுங்கள்.

சிவகாசி வாசி | 9.58
சென்னையில் சிறு அச்சகங்களில் இந்தத் தொல்லை தீராது. கோப்பைச் சிவகாசிக்கு அனுப்புங்கள். 1000 படிகளுக்கு அங்கே கட்டணமும் குறைவு, பைண்டிங்கும் நன்றாக இருக்கும்.

ராயப்பேட்டை அச்சுக்கூடம் | 10.07
ஊரை மாற்றினால் எழுத்து சரியாகிவிடாது. அதே கோப்பை அதே முறையில் திறந்தால் அங்கும் அதே விளைவுதான். ஐயா, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: அச்சுக்கான தகடு, அதாவது பிளேட், போட்டுவிட்டார்களா? போடவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. அட்டை அச்சாகிவிட்டதா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

வேளச்சேரி நீர்க்காப்பு | 11.25
வேர்டு கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பினேன். எழுத்துருவின் பெயர் தெரியவில்லை. கைப்பேசியில் குரல்வழியாகச் சொல்லிச் சொல்லி எழுதி, பிறகு கணினிக்கு மாற்றினேன். பிளேட் இன்னும் போடவில்லை. அட்டை புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. டெம்மி அளவு, 166 பக்கங்கள். 23ஆம் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பக்க வடிவம் | 11.52
படம் போட்டதற்கு நன்றி. இந்த ஒரு பக்கமே போதும். இதில் 'தளம்', 'வாசல்' என்ற சொற்கள் ஒழுங்காக இருக்கின்றன. 'செங்கல்' என்ற சொல்லில் கொம்பு, 'ச'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. 'கொத்தனார்' என்ற சொல்லில் கொம்பும் காலும் இரண்டுமே 'க'வுக்குப் பின்னால் வரிசையாக வந்திருக்கின்றன. 'சுவர்' என்பதில் உகரக் குறி 'ச'வோடு சேராமல் தனியாகத் தொங்குகிறது.

பழைய எழுத்துருச் சிக்கலாக இருந்தால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் சிதறியிருக்கும். ஒரு சொல்லும் தப்பியிருக்காது. கைப்பேசியில் குரல்வழியாக எழுதியது ஒருங்குறியில்தான் இருக்கும் என்பதால் பாமினிக்கு இங்கே வேலையில்லை. இடம் மாற வேண்டிய குறிகளும் இணைய வேண்டிய குறிகளும் மட்டுமே கெட்டிருக்கின்றன. ஒருங்குறியில் 'செ' என்பது முதலில் 'ச', அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அதைத் திரையிலும் தாளிலும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. வேர்டு அந்த வேலையைத் தானாகவே செய்துவிடுவதால் உங்கள் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. அச்சகத்தின் மென்பொருள் அதைச் செய்யவில்லை. ஆகவே பிழை உங்கள் கோப்பில் இல்லை.

அவர்கள் பயன்படுத்துவது இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருள் என்றால், பத்தி நடையை (பாரகிராஃப் ஸ்டைல்) திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் என்ற இடத்தில் 'அடோபி வேர்ல்டு-ரெடி பேரகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உடல் பத்தி, தலைப்பு, படக்குறிப்பு என்று ஒவ்வொரு நடையிலும் இதை மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்த இடம் மட்டும் சிதைந்தே இருக்கும். எழுத்துருவும் ஒருங்குறித் தமிழ் எழுத்துருவாக இருக்க வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது; அச்சு நூலில் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

எழுத்துரு ஆர்வலர் | 12.10
எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்க்கப்படாததுதான், அதாவது உட்பொதிக்கப்படாததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உட்பொதித்தால் போதும்.

பக்க வடிவம் | 12.18
எழுத்துரு கிடைக்காமல் போயிருந்தால் 'தளம்' என்ற சொல்லும் கெட்டிருக்கும், அல்லது கட்டம் கட்டமாக வந்திருக்கும். இங்கே எழுத்து வடிவங்கள் சரியாகவே வந்திருக்கின்றன. அவற்றின் இடம்தான் தவறு.

ராயப்பேட்டை அச்சுக்கூடம் | 12.40
பக்க வடிவம் சொல்வது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சில அச்சகங்களில் பக்கங்களை ஃபாரமாக, அதாவது பதினாறு பதினாறாக, அடுக்குவதற்காகப் பிடிஎஃப் கோப்பைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் திறப்பார்கள். அப்படித் திறக்கும்போது சரியாக இருந்த தமிழும் மறுபடி உடைந்து போகும். எனவே இன்டிசைனில் சரிசெய்து எடுத்த பிடிஎஃப் கோப்பை அப்படியே அடுக்க வேண்டும், வேறு மென்பொருளில் திறந்து திருத்தக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். மறுபடியும் மாதிரிப் படியைத் தாளில் கேளுங்கள். கணினித் திரையைப் படமெடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள்.

அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள், இது அவசரம். சிதைந்த குறிகள் தனித்தனியாக நின்று கூடுதல் இடம் பிடித்திருக்கின்றன. எழுத்து சரியானதும் வரிகள் சுருங்கும், பக்கங்கள் குறையும், அதனால் நூல் முதுகின் அகலமும் மாறும். இப்போதே அட்டையை அடித்து லேமினேஷன் போட்டுவிட்டால் முதுகில் உள்ள தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பொருளடக்கத்தின் பக்க எண்களையும் புதிதாகப் போட வேண்டும்.

மின்னூல் நேசன் | 1.15
இத்தனை சிரமம் எதற்கு? வேர்டு கோப்பை அப்படியே அமேசானின் கிண்டிலில் ஏற்றலாமே. தமிழில் மின்னூல் வெளியிட அங்கே வசதி இருக்கிறது. எழுத்தும் உடையாது, முதலீடும் இல்லை. அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு உரிமத்தொகை கிடைக்கும்.

மயிலை பட்டு நிலையம் | 1.48
மின்னூல் நல்லதுதான். ஆனால் செலக்ட் திட்டத்தில் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. உங்கள் வாடிக்கையாளர்க்கு இலவசப் பிடிஎஃப் அனுப்பவும் முடியாது. தொழிலுக்காக எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தடை. மேலும் மாடி ஒழுகுகிற தனி வீடுகளில் இருப்பவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் கையில் கொடுக்க அச்சு நூல்தான் வேண்டும்.

நான் பட்டுப்புடவைகளைச் சலவை செய்து பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டைப் பாதுகாப்பது பற்றி 64 பக்கங்களில், அதாவது நான்கு ஃபாரத்தில், ஒரு சிறு நூல் வெளியிட்டேன். அதனால் ஐயாவின் படத்தில் ஒன்று கண்ணில் பட்டது: பக்கத்தின் அடியில் கைப்பேசி எண் இருக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் அப்படித்தானா? அப்படியானால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நானும் ஒவ்வொரு பக்கத்திலும் கடை முகவரியைப் போட்டிருந்தேன். 2000 படிகள் அடித்து, 700 படிகள் மீதி இருந்தபோது கடையை அடுத்த தெருவுக்கு மாற்ற நேர்ந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் முகவரி இருந்திருந்தால் ஒரு ஒட்டுத்தாளோடு வேலை முடிந்திருக்கும். அந்த 700 படிகளையும் என்னால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

பழைய பதிப்பாளர் | 2.05
இலவசமாகக் கொடுப்பது நூலே அல்ல, விளம்பரத் துண்டறிக்கை. விலை போட்டு, ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் வாங்கி, கடைகளில் விற்றால்தான் அதற்கு மதிப்பு. ஐஎஸ்பிஎன் இல்லாமல் அச்சிட்டால் உங்கள் பதிப்புரிமையும் போய்விடும். அதை வாங்கித் தருகிற முகவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கொடுத்து முறையாகச் செய்யுங்கள்.

கன்னிமாரா வாசகர் | 2.33
ஐயா, மூத்தவர் என்ற மரியாதையோடு இதை மறுக்கிறேன். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணமே இல்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை வழங்குகிறது. தாமே வெளியிடும் எழுத்தாளரும் இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவுடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. இந்த எண், கடைகளும் நூலகங்களும் இணைய விற்பனைத் தளங்களும் ஒரு பதிப்பை அடையாளம் காண்பதற்கானது. வாடிக்கையாளர் கையில் மட்டும் கொடுக்கப் போகிற நூலுக்கு அது கட்டாயமில்லை.

உண்மையில் கட்டாயமான ஒன்றை யாருமே சொல்லவில்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், எழும்பூர் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படியைச் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். தாமே வெளியிடுகிறவரும் வெளியீட்டாளர்தான்.

பழைய பதிப்பாளர் | 2.50
இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன். வெள்ளிக்கிழமை ஒப்புதல் தர வேண்டியவருக்கு அந்த வழி உதவுமா? கட்டாயமில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் கேட்பாரற்ற நூல்கள் பெருகிவிட்டன.

அண்ணாநகர் கணக்கர் | 3.20
இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் விற்றாலும், இலவசமாகக் கொடுத்தாலும், அச்சுக்கூலியில் நீங்கள் கட்டிய வரி திரும்பி வரவாகும் என்று எண்ணிச் செலவைக் கணக்கிட வேண்டாம். உங்கள் தணிக்கையாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மயிலை பட்டு நிலையம் | 3.41
விலையா இலவசமா என்பதைவிட, நூலைக் கையில் வாங்கியவர் உங்களை அழைக்காமலே அதனால் பயன்பெற முடியுமா என்பதைத்தான் நான் பார்ப்பேன். படத்தில் உள்ள 23ஆம் பக்கத்தைப் படித்தேன். தட்டோட்டின் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று வீட்டுக்காரர் தாமே பார்ப்பது எப்படி, வடிகுழாயை அடைத்து மாடியில் நீரைத் தேக்கி இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தளத்தின் கூரையைப் பார்ப்பது எப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதே அரிது. என் நூலில் வீட்டிலேயே போக்கக்கூடிய கறைகள் எவை என்று எழுதியதைப் படித்தவர்கள்தான், வீட்டில் போக்க முடியாத கறையோடு கடையைத் தேடி வந்தார்கள். உங்கள் 23ஆம் பக்கமும் அப்படி ஆட்களைக் கொண்டுவரும். எழுத்து சிதைந்து அந்தப் பக்கம் படிக்க முடியாமல் போனால்தான் எனக்கு வருத்தம்.

ராயப்பேட்டை அச்சுக்கூடம் | 4.02
ஐயா, அச்சகத்தில் பேசினீர்களா? 1000 படிகளையும் ஒரே மூச்சில் அடிக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். முதல் நூலில் பிழை இல்லாமல் இருக்காது. 50 படிகளைப் பிளேட் இல்லாத டிஜிட்டல் அச்சில் எடுத்து, தெரிந்த வீட்டுக்காரர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு பிளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட்டுக்குப் போகலாம். ஒரு படிக்கு ஆகும் செலவு டிஜிட்டலில் கூடுதல்தான். ஆனாலும் 1000 படிகளில் ஒரே பிழை இருப்பதைவிட அது சிறு தொகை. குரல்வழியாக எழுதியது என்கிறீர்கள். லகர, ளகர, ழகரங்கள் மாறியிருக்க வாய்ப்பு மிகுதி. யாராவது வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

எழுத்துரு ஆர்வலர் | 4.30
எதற்கும் எழுத்துருவை உட்பொதித்து ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேளச்சேரி நீர்க்காப்பு | வியாழன், இரவு 8.47
அனைவருக்கும் நன்றி. அச்சகத்தில் இருந்தது இன்டிசைன்தான். கம்போசரை மாற்றியதும் பக்கங்கள் சரியாகிவிட்டன. 'கொத்தனார்' முதல் 'மேற்கூரை' வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பட விளக்கங்களில் மட்டும் மாற்ற மறந்திருந்தார்கள், அதையும் மாற்றச் சொன்னேன். 166 பக்கங்கள் 158 ஆகிவிட்டன. பத்து ஃபாரத்தில் இரண்டு பக்கம் மீதி. அட்டையை நிறுத்திவைத்திருக்கிறேன். கைப்பேசி எண் இனிக் கடைசிப் பக்கத்தில் மட்டும். முதலில் 50 படிகள் எடுக்கிறேன். மழைக்கு முன் மாடியில் பார்க்க வேண்டியவற்றை மீதமுள்ள இரண்டு பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும்.

பக்க வடிவம் | 9.05
மகிழ்ச்சி ஐயா. அந்த இரண்டு பக்கங்களையும் ஏற்கெனவே மாற்றிய நடையிலேயே அமைக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு நடை உருவாக்கினால் பழைய கம்போசர் திரும்பி வந்துவிடலாம். முடிவில் எந்த எழுத்துருவை வைத்தீர்கள்?