மொரீஷியஸில் கடற்கரைக் கடை போட நினைக்கும் பாலக்கோட்டுத் தம்பதிக்கு

நீங்கள் மொரீஷியஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது, கடற்கரையில் சாப்பாட்டுக் கடை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் வீட்டுக்காரரும் பென்னாகரத்துக்காரர்கள்தான். மொரீஷியஸின் மேற்குக் கடற்கரை ஊரான ஃபிளிக் என் ஃபிளாக்கில் ஆறு வருடமாக மீன் உணவகம் நடத்துகிறோம். லீவுக்கு ஊருக்கு வந்தவள், அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தாராளமாகப் போடுங்கள். ஆனால் பன்னிரண்டு மாதமும் வியாபாரம் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நம் ஒகேனக்கல்லையே பாருங்கள். கர்நாடகாவில் தண்ணீர் திறந்தால் பரிசல் நிற்கும், குளிக்கத் தடை வரும், மீன் சமைத்துக் கொடுக்கும் அக்காக்களின் அடுப்பும் அணைந்துவிடும். என் சித்தி அங்கே மீன் வறுத்துப் பிழைத்தவர். வெள்ளம் வரும் மாதங்களுக்கென்று ஒரு டப்பாவில் தனியாகப் பணம் போட்டு வைப்பார். அந்தப் பழக்கம்தான் எங்களையும் காப்பாற்றியது.

மொரீஷியஸில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். புயல் எச்சரிக்கை நான்கு வகுப்பாக வரும், அதில் மூன்றாம் வகுப்பு வந்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்தபோது தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. எங்கள் கடையில் கரண்ட் போய், ஃபிரீசரில் இருந்த மீன் முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம். அன்று நான் அழுதேன். அதற்கப்புறம் அந்த மாதங்களில் இரண்டு நாளைக்கு மேல் மீன் வாங்கி வைப்பதில்லை. மூன்று மாத வாடகையும் ஆட்கள் சம்பளமும் எப்போதும் கையில் இருக்கும்.

ஆக்டோபஸை நம்பி மெனு போடாதீர்கள். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை பிடிக்கத் தடை.

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு கடை நடத்தக் கூடாது, அனுமதியை முதலில் வாங்குங்கள். உணவைத் தொடும் எல்லோருக்கும் சான்றிதழ் வேண்டும். பார்சலுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் டப்பா 2021-லிருந்து கிடையாது.

அப்புறம் மொழி. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கும், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. மனசு நிறைந்துவிடும். ஆனால் அங்குள்ள தமிழர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல்தான். மீன்காரரிடம் பேரம் பேசும் அளவுக்காவது இப்போதே பழகுங்கள்.

அடுத்த வாரம் திரும்பிவிடுவேன். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வருகிற நாள் அது. காலையிலிருந்து எங்கள் அடுப்படியில் நின்று பாருங்கள்.